பழைய அரிசாகா ரைஃபிளைச் சீர்செய்வது: எதைத் தொடலாம், எதைத் தொடவே கூடாது

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கப் படையினர் நினைவுப்பொருளாகக் கொண்டுவந்த அரிசாகா என்ற ஜப்பானிய ராணுவ ரைஃபிள்கள் இன்றும் அங்கே பரணிலிருந்தும் பழம்பொருள் கடைகளிலிருந்தும் வெளிவந்துகொண்டிருக்கின்றன. கைக்கு அதிகம் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று 1905இல் வந்த டைப் 38, குண்டு 6.5×50 மி.மீ., மொத்த நீளம் ஏறக்குறைய 128 செ.மீ. மற்றொன்று 1939இல் வந்த டைப் 99, குண்டு 7.7×58 மி.மீ., குட்டை ரைஃபிளின் நீளம் ஏறக்குறைய 112 செ.மீ. இந்த வழிகாட்டி முக்கியமாக டைப் 99க்கு. பெரும்பகுதி டைப் 38க்கும் பொருந்தும்.

இந்தியாவில் இருப்பவர்கள் கவனிக்க: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் இத்தகைய துப்பாக்கியை வைத்திருக்கவும் முடியாது, பழுதுபார்க்கவும் முடியாது. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்கவும்.

வேலையின் நோக்கம் துருவை நிறுத்துவது, அழுக்கை எடுப்பது, உடைந்ததை ஒட்டுவது. புதிதுபோல மினுக்குவது அல்ல. அரிசாகாவுக்குத் துருவைவிட உப்புத்தாள்தான் எமன். துரு தின்றது போக மிச்சம் இருக்கும். தேய்த்து எடுத்த அரக்குப் பூச்சும் எழுத்தும் திரும்ப வராது.

முதலில் பார்க்க வேண்டியவை

போல்டை (குழலின் பின்வாயை அடைக்கும் நகரும் பூட்டுத்தண்டு) திறந்து, சேம்பரையும் (குண்டு உட்காரும் குழலின் பின்பகுதி) மேகசினையும் (குண்டுகளை அடுக்கும் அறை) கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். எழுபது எண்பது வருடம் குண்டோடு பரணில் கிடந்த துப்பாக்கியும் உண்டு.

ரிசீவரின் (குழல் பொருத்தி, போல்ட் ஓடும் இரும்பு உடல்) மேல் பதினாறு இதழ் செவ்வந்தி முத்திரை இருக்கிறதா, அரைத்து அழிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சரணடைந்த துப்பாக்கிகளில் பேரரசரின் சின்னமான இதை அரைத்துவிட்டே கொடுத்தார்கள். அந்த அரைத்த தழும்பும் வரலாறுதான். புதிதாகப் பொறித்து வைத்தால் அது மோசடி. முத்திரைக்குக் கீழே 九九式 என்று இருந்தால் டைப் 99, 三八式 என்று இருந்தால் டைப் 38. இடப்பக்கம் வரிசை எண்ணும் தொழிற்சாலைக் குறியும் இருக்கும். எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

குழலுக்குள் விளக்கடித்துப் பாருங்கள். உள்ளே புரியே (குண்டைச் சுழலவைக்கும் திருகுப் பள்ளம்) இல்லாமல் வழவழவென்று இருந்தால் அது பெரும்பாலும் பயிற்சித் துப்பாக்கி. பள்ளி மாணவர்களின் அணிவகுப்புக்கும் வெற்றுத் தோட்டாவுக்கும் செய்தது. வார்ப்பு உலோகத்தில் ரிசீவரும் அதன் பின்னால் கட்டைக்குள் நீளும் பின்வாலும் ஒரே துண்டாக இருக்கும். பார்க்க அசலைப் போலவே இருப்பதால்தான் ஆபத்து. உண்மையான குண்டு போட்டால் முகத்தில் வெடிக்கும். அதைத் துடைத்து எண்ணெயிட்டுச் சுவரில் மாட்டலாம், அவ்வளவுதான். போரின் கடைசிக் காலத்தில் அவசரமாகச் செய்த முரட்டு டைப் 99 வேறு. வெளியே அரத்தின் கீறல் தெரியும், போல்ட் குமிழ் உருளையாக இருக்கும், ஆனால் குழலில் புரி இருக்கும்.

கழற்றுவது

திருகாணியின் பள்ளத்துக்கு இறுகப் பொருந்துகிற ஸ்க்ரூடிரைவர்தான் வேண்டும். நுனி ஆப்பு வடிவில் சரியாமல் பக்கங்கள் இணையாக இருக்க வேண்டும். வீட்டில் கிடப்பதைக் கொண்டு திருகினால் பள்ளத்தின் ஓரம் பிய்ந்துவிடும். அசையாத திருகாணிக்கு அசிட்டோனையும் காரின் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலையும் சரிபாதியாகக் கலந்து, திருகாணித் தலையின் ஓரத்தில் மட்டும் ஒரு சொட்டு விட்டு இரண்டு மூன்று நாள் காத்திருங்கள். கலவை மரத்தில் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது.

போல்டை எடுக்க, ரிசீவரின் இடப்பக்கம் இருக்கும் போல்ட் தடுப்பை வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு போல்டைப் பின்னால் உருவ வேண்டும். தகரத் தூசிமூடி இருந்தால் அதுவும் சேர்ந்து வரும். போல்ட்டில் ஆறே உறுப்புகள்: உடல், சுட்ட தோட்டாக்கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர், அதன் வளையம், தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி, ஸ்பிரிங், பின்னால் இருக்கும் சேஃப்டி குமிழ். குமிழை உள்ளங்கையால் அழுத்தித் திருப்பினால் பூட்டு விடும். உள்ளே ஸ்பிரிங் நல்ல விசையோடு இருக்கும், ஆகவே முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டாம். வளையத்தையும் எக்ஸ்ட்ராக்டரையும் காரணம் இல்லாமல் கழற்றாதீர்கள்.

திருகாணிகள் ஒரே நீளமில்லை. ஓர் அட்டையில் துப்பாக்கியின் படம் வரைந்து, எது எங்கே இருந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள்.

குழலையும் கட்டையையும் பிணைக்கும் முன்பட்டைகளைக் கழற்றும்போது பட்டைக்கு அடியில் மரம் குறுக்கே அறுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். முழு நீளம் பையில் அடங்காததால் படையினர் பலர் கட்டையை அங்கே அறுத்துத்தான் ஊருக்கு அனுப்பினார்கள். பட்டை மூடியிருப்பதால் வெளியே தெரியாது.

மரம்

பின்கட்டையின் கீழ்ப்பாதியில் நீளவாக்கில் ஒரு கோடு ஓடும். புதிதாக வாங்கியவர்கள் வெடிப்பு என்று பயப்படுவது இதைப் பார்த்துத்தான். அது வெடிப்பு இல்லை. பின்கட்டையை ஒரே பலகையில் அறுக்காமல் இரண்டு துண்டை டவ்டெயில் முறையில் (புறாவால் வடிவப் பொருத்து) கோத்து ஒட்டினார்கள். அதனால் அகலம் குறைந்த பலகையே போதுமானதாக இருந்தது. பசை காய்ந்து இடைவெளி விட்டிருந்தால் மட்டும் வேலை உண்டு. இதற்கு வச்சிரப் பசையே நல்லது. ஒரு பங்கு பசைக்கு இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குங்கள். கொதிக்கவிட்டால் பசையின் பலம் போய்விடும். இடைவெளியில் விட்டு, சைக்கிள் ட்யூபைக் கீறி நாடாவாக்கி இறுகச் சுற்றி 24 மணிநேரம் விடுங்கள். பிதுங்கிய பசையை ஈரத்துணியால் உடனே துடைக்க வேண்டும். நாளை யாராவது பிரிக்க நினைத்தாலும் சூடும் ஈரமும் போதும். வச்சிரத்தைச் சொல்வதற்குக் காரணம் அதுதான். கைப்பிடிக் கழுத்தில் வெடிப்பு என்றால் கதை வேறு. அங்கே அதிர்ச்சி தாங்க வேண்டும், மெதுவாக இறுகும் எபாக்சி போட்டே ஆக வேண்டும். பட்டைக்கடியில் அறுத்ததை இரண்டு சிறு மரக்குச்சி செருகி எபாக்சியால் ஒட்டலாம்.

மேல்பூச்சு உருஷி என்ற ஜப்பானிய மரப்பால் அரக்கு. ஆரஞ்சுச் சாயல் கலந்த பழுப்பில் பளபளப்பது அதுதான். உருஷி மரமும் நம் சேராங்கொட்டை மரமும் ஒரே குடும்பம். சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் எப்படிக் கொப்பளிக்கும் என்று தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. பழைய அரக்கைத் தேய்த்த தூசி பட்டு அரிப்பெடுத்தவர்கள் இருக்கிறார்கள். உப்புத்தாள் போடாமல் இருக்க இது இன்னொரு காரணம். சுத்தம் செய்யும்போதும் கையுறை போடுங்கள்.

கெட்டித்த கிரீஸும் அழுக்கும் போக மினரல் ஸ்பிரிட்டில் நனைத்த பருத்தித் துணி போதும். முதலில் வெளியே தெரியாத ஓர் இடத்தில், பட்டைக்கு அடியிலோ குழல் பள்ளத்துக்குள்ளோ, தொட்டுப் பாருங்கள். துணியில் கறுப்பு வந்தால் அழுக்கு. செம்பழுப்பு வந்தால் பூச்சே கரைகிறது, நிறுத்திவிடுங்கள். அடுப்பு கழுவும் காரக் கரைசலைச் சிலர் சொல்வார்கள். அது அரக்கையும் உரித்து மரத்தையும் கறுக்கச் செய்யும். இஸ்திரிப்பெட்டியும் ஈரத்துணியும் வைத்து நசுங்கலை எழுப்பும் தச்சர் வித்தை வெறும் மரத்துக்குச் சரி. அரக்கின் மேல் செய்தால் வெளுத்துத் திட்டாகும்.

அரக்கு உதிர்ந்த இடத்தில் கொம்பரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துக் கொஞ்சம் நிறம் சேர்த்து, மெல்லிய தூரிகையால் உதிர்ந்த பள்ளத்துக்குள் மட்டும் இரண்டு மூன்று தடவை தொட்டு விடலாம். கடைசியில் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மெல்லிசாகத் தடவித் துடைத்தால் போதும். பூச்சு மிஞ்சியிருக்கும் கட்டையில் ஆளிவிதை எண்ணெய் ஊற்றாதீர்கள். வெடிப்பு வழியே இறங்கி மரத்தைக் கறுக்கச் செய்யும். பூச்சே இல்லாத வெறும் கட்டைக்கு அந்த எண்ணெயைத் தடவினீர்களானால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி விரித்துக் காயப் போடுங்கள்.

இரும்பு

துப்பாக்கியின் கறுநீலப் பூச்சும் ஒருவகை இரும்பு ஆக்சைடுதான். அதனால் துருவைக் கரைக்கும் பாஸ்பாரிக் அமிலமும் கடையில் விற்கும் துருநீக்கிகளும் பூச்சையும் சேர்த்தே தின்றுவிடும், வெள்ளை இரும்புதான் மிஞ்சும்.

லேசான துருவுக்கு எண்ணெய் தாராளமாக விட்டு, ஒருநாள் ஊறவைத்து, வெண்கலக் கம்பளியால் அழுத்தாமல் தேய்த்தால் போதும். அது கிடைக்காவிட்டால் 0000 நம்பர் ஸ்டீல் வூல். எண்ணெய் பழுப்பானதும் துடைத்துப் புது எண்ணெய் விடுங்கள். எழுத்துகளின் மேல் துணி மட்டும்.

மொத்தமாகச் செந்துரு பிடித்திருந்தால் வேகவைப்பது நல்ல வழி. கொதிநீரில் செந்துரு கறுப்பு ஆக்சைடாக மாறும். பூச்சும் தப்பிக்கும், துருவும் நிற்கும். மரத்தையும் போல்டையும் எடுத்துவிட்டு, குழலையும் ரிசீவரையும் அசிட்டோனால் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைக்க வேண்டும். டைப் 99இன் குழல் மட்டும் 65.7 செ.மீ.; ரிசீவரோடு சேர்த்து முழுவதும் முங்கும் நீளமான இரும்புத் தொட்டி இரண்டு அடுப்பின் மேல் வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் 20 முதல் 30 நிமிடம் கொதிக்கவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் உப்புக்கறை படியும். எடுத்ததும் மேலே வெல்வெட் போலக் கறுப்புப் பொடி நிற்கும். எண்ணெய் நீக்கிய 0000 கம்பளியால் அதை உரசி எடுங்கள். செம்மை இன்னும் தெரிந்தால் மறுபடி வேகவைக்கலாம், மூன்று நான்கு முறை வரை. முடிந்ததும் சூடு ஆறுமுன் குழலுக்குள்ளும் வெளியிலும் எண்ணெயிட்டு ஒருநாள் விடுங்கள். இதில் தவறு நடப்பது பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கினால்தான்: விரல் தொட்ட இடமெல்லாம் மாறாமல் திட்டாக நிற்கும். போல்ட் பெரும்பாலும் பூச்சில்லாத வெள்ளை இரும்பு. அதை வேகவைக்காமல் எண்ணெயால் மட்டும் துடையுங்கள்.

குழலின் உள்ளே

அந்தக் காலத்துத் தோட்டாக்களின் பிரைமர் (அடியில் இருக்கும் தீமூட்டி மருந்து) எரிந்ததும் உப்பு மிஞ்சும். அது காற்றின் ஈரத்தை இழுத்துக் குழலைத் தின்னும். எண்ணெய்க்கு உப்பு கரையாது. முதலில் வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, பிறகுதான் கரைப்பான். வெண்கல பிரஷ்ஷைப் பின்பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாக 10, 15 முறை ஓட்டி, துணித்துண்டு சுத்தமாக வரும்வரை துடைக்க வேண்டும். ஒரே நாளில் முடியாது. இரவு கரைப்பான் ஊறவிட்டு மறுநாள் துடைத்தால் நான்கைந்து நாளில் புரி தெளியும். ஆரம்ப காலத்திலும் நடுக்காலத்திலும் செய்த டைப் 99 குழல்களின் உட்புறம் குரோமியம் பூசியது. அசிங்கமாகத் தெரிந்த குழல் சுத்தம் செய்தபின் கண்ணாடி மாதிரி வருவது அதனால்தான். கடைசிக் காலத்தவற்றில் அந்தப் பூச்சு இல்லை.

சுடுவதற்கு முன்

சுடும் எண்ணம் இல்லையென்றால் மேலே சொன்னதோடு வேலை முடிந்தது. சுடுவதாக இருந்தால் சேம்பரை அளக்காமல் ஒரு குண்டும் போடக் கூடாது. டைப் 38 சிலவற்றின் சேம்பரை அமெரிக்காவில் வேறு குண்டுக்கு விரித்துவிட்டார்கள். டைப் 99 சிலவற்றை .30-06 என்ற அமெரிக்கக் குண்டுக்கு மாற்றினார்கள். வெளிப்பொறிப்பைப் பார்த்து இது தெரியாது. செரோசேஃப் என்ற உலோகக் கலவை 70 முதல் 88 டிகிரிக்குள் உருகும். அதைச் சேம்பரில் வார்த்து, இறுகியதும் எடுத்து, சுமார் ஒரு மணிநேரம் கழித்து அளந்தால் சேம்பரின் உண்மையான அளவு கிடைக்கும். முதலில் சுருங்கிப் பிறகு விரியும் கலவை என்பதால் அவசரப்பட்டு அளந்தால் குறைவாகக் காட்டும். அடுத்து, போல்ட் எண் துப்பாக்கியோடு ஒத்துப்போனாலும் ஹெட்ஸ்பேஸை (பூட்டிய போல்ட் முகத்துக்கும் சேம்பரில் குண்டு நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) கோ, நோ-கோ அளவிகளால் ஒரு துப்பாக்கி வல்லுநரிடம் பார்க்கச் சொல்லுங்கள். போருக்குப் பின் அமெரிக்கத் துப்பாக்கி வல்லுநர் பார்க்கர் ஆக்லி செய்த சோதனைகளில் அரிசாகா ரிசீவர் மற்ற நாட்டு ராணுவ ரைஃபிள்களைவிட அதிகம் தாங்கியது உண்மை. அந்தப் பெயரை நம்பித் தேய்ந்த போல்ட்டோடும் தவறான குண்டோடும் சுடக் கூடாது.