வெடி அலையும் சில்லும்: பதுங்கிடம் அமைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெய்ரூட் துறைமுகத்தில் 2020 ஆகஸ்ட் 4 அன்று அம்மோனியம் நைட்ரேட் வெடித்த சில நாட்களுக்குள், சென்னை மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் 2015 முதல் பறிமுதல் சரக்காகக் கிடந்த ஏறக்குறைய 700 டன் அதே ரசாயனம் ஹைதராபாத்துக்கு ஏற்றிச் செல்லப்படத் தொடங்கியது. சரக்கு போய்விட்டது, ஆனால் மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பகுதிகளில் எண்ணெய்த் தொட்டிகளும் கிடங்குகளும் குடியிருப்புகளை ஒட்டியே நிற்கின்றன. ஆகவே பதுங்கிடம் என்பது இங்கே போர்க்காலத்துக்கு மட்டும் உரிய பேச்சல்ல.

பெரும்பாலான பிழைகள் வெடி அலையையும் (வெடிப்பிலிருந்து பரவும் காற்றழுத்தம்) சில்லையும் (சிதறிப் பறக்கும் துண்டு) ஒன்றாக எண்ணுவதில் தொடங்குகின்றன. சில்லு பறக்கும் பாதையில் தடித்த பொருள் இருந்தால் அதில் புதைந்து நின்றுவிடும். அலையோ சுவரின் மேலேறி, விளிம்பைச் சுற்றி, பின்பக்கத்து ஜன்னல் வழியாகவும் உள்ளே வரும். நேராக மோதும் சுவரின்மீது அதன் அழுத்தம் இரு மடங்குக்கும் மேலாகிறது. ஆலைப் பக்கம் மட்டும் சுவரை உயர்த்திவிட்டு வாசலைத் திறந்தே விடுவது இதனால்தான் பயன் தருவதில்லை. வாசலுக்கு எதிரே சற்றுத் தள்ளி, இருபுறமும் வாசலைவிட அகலமான தனிச்சுவர் ஒன்று வேண்டும். வெளியிலிருந்து எந்தக் கோணத்தில் பார்த்தாலும் உள்ளே இருப்பவர் கண்ணில் படக் கூடாது. இந்தத் தனிச்சுவர் சில்லைத் தடுக்கும். அலையைக் குறைக்குமே தவிர நிறுத்தாது என்பதால், உட்காருமிடத்தை வாசலின் நேர்க்கோட்டிலிருந்து விலக்கியே அமைக்க வேண்டும்.

சுவரின் தடிமனைக் கண்ணளவில் தீர்மானிப்பது அடுத்த தவறு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில், அருகில் விழும் குண்டின் சில்லுகளைத் தடுக்கச் செங்கல் கட்டுமானத்துக்கு 13½ அங்குலமும் மணலுக்கோ மண்ணுக்கோ 30 அங்குலமும் தேவை என வகுத்திருந்தார்கள். நம் வீடுகளின் வெளிச்சுவர் பெரும்பாலும் 9 அங்குலம், உள்சுவர் 4½ அங்குலம். மணல் மூட்டை அடுக்கும்போதும் கவனம் வேண்டும். மூட்டையை முக்கால் பங்கு மட்டும் நிரப்பித் தட்டையாக்கி, கட்டிய வாயும் தையலும் உட்பக்கம் இருக்கும்படி வைத்து, செங்கல் வரிசையைப் போல இணைப்புகள் ஒன்றின்மேல் ஒன்று வராமல் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும்; அடி அகன்றும் உச்சி ஒடுங்கியும் இருப்பது நல்லது. மணலுக்குப் பதில் கட்டட இடிபாட்டையும் ஜல்லியையும் நிரப்புவோர் உண்டு. மூட்டை கிழிந்தால் அவையே சில்லாகப் பாயும். பிளாஸ்டிக் சாக்கு சென்னை வெயிலில் சில மாதங்களிலேயே நைந்துபோகும்.

மொட்டை மாடியில் மூட்டை அடுக்குவது எல்லாவற்றினும் ஆபத்தானது. ஏறி நடமாடும் மாடிக்கு வழக்கமாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ நடமாட்டச் சுமையே கணக்கில் கொள்ளப்படுகிறது. ஓர் அடி உயர மணலோ ஏறக்குறைய 480 கிலோ, மழையில் நனைந்தால் இன்னும் அதிகம். உப்புக் காற்றில் கம்பி துருவேறி, கூரையின் அடிப்பூச்சு உதிர்ந்துகொண்டிருக்கும் பழைய குடியிருப்புகளில் இதைச் செய்யவே கூடாது.

கண்ணாடியை மறப்பவர்கள் குறைவு. ஆனால் அதில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டி நிம்மதியடைகிறார்கள். டேப் கண்ணாடி உடைவதைத் தடுக்காது. பெரிய துண்டுகளாகச் சேர்ந்து விழவும் செய்யலாம். பாதுகாப்புப் படலம் ஒட்டினால் அதன் ஓரங்கள் சட்டத்தோடு பிணைக்கப்பட வேண்டும். இல்லையெனில் முழுக் கண்ணாடியும் கழன்று உள்ளே வரும். கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் 1917 டிசம்பர் 6 அன்று எரியும் வெடிமருந்துக் கப்பலை ஜன்னலோரம் நின்று பார்த்தவர்களில் நூற்றுக்கணக்கானோர், அது வெடித்தபோது கண்ணில் காயமுற்றனர். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் வெடித்தால், பளிச்சென்ற ஒளிக்கும் அதிர்வு வந்து சேர்வதற்கும் நடுவே ஏறத்தாழ மூன்று விநாடிதான் இருக்கிறது. அந்த இடைவெளியில் செய்ய வேண்டியது, ஜன்னலை விட்டு விலகித் தரையில் குப்புறப் படுப்பது, வீடியோ எடுப்பதல்ல.

கட்டடத்தின் உறுப்புகளே எறிபொருளாவதையும் பலர் கணக்கிடுவதில்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், கம்பியில்லாத ஹாலோ பிளாக் சுவர், பலவீனமான கைப்பிடிச்சுவர், மாடித் தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் கீழோ அருகிலோ பதுங்கிடம் அமைக்கக் கூடாது.

குழி தோண்டலாமே என்ற யோசனைக்கு இங்கே இரண்டு தடைகள் உள்ளன. ஒன்று, கடலோரத்தில் நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால் பல இடங்களில் குழி கிணறாகிவிடும். மற்றது இன்னும் கடுமையானது: குளோரினும் சமையல் எரிவாயுவும் காற்றைவிடக் கனமானவை, கசிந்தால் பள்ளத்தில்தான் தேங்கும். ஆலைப் பகுதியில் வெடிப்புக்கு ஏற்ற குழி வாயுவுக்குப் பொறியாகலாம் என்பதால், இரண்டாவது வெளிவழி இல்லாத தரையடி அறையைப் பதுங்கிடமாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அந்த வழியும் முதல் வழிக்கு எதிர்ப்பக்கம், இடிபாடு விழாத தூரத்தில், உள்ளிருந்தே திறக்கும்படி இருக்க வேண்டும்.