தீபாவளித் துணிக்கு வட்டிக்கு வாங்காமல் சமாளித்த விதம்

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். தீபாவளியோ ஐப்பசி மழையில் வரும். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் படகு கரையில்தான். அப்போது பணம் தேடினால் வட்டிக்குத்தான் கிடைக்கும். அதனால் ஜூன் கடைசியிலிருந்தே, மீன் விற்ற காசைப் பங்கு பிரித்த கையோடு ரூ.300 எடுத்து அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போடுவது வழக்கம். 30 தடவை கடலுக்குப் போனால் ரூ.9,000. வீட்டில் வைத்தால் கைமாற்றாகவே போய்விடும்.

முதலில் தலைத்தீபாவளிச் சீர், அப்புறம் பிள்ளைகள், மிச்சத்தில் பெரியவர்கள். சேலைக்குப் பரமக்குடி நெசவாளர் சங்கத் தள்ளுபடியே போதும். பிள்ளைகள் துணியை ஆடித் தள்ளுபடியில் எடுக்க வேண்டாம். ஐப்பசிக்குள் வளர்ந்துவிடுவார்கள், அளவு பத்தாது. பட்டாசுக் காசைத் தனி உறையில் வையுங்கள், கணக்கைக் கவிழ்ப்பது அதுதான்.