இருண்ட நாவல், பேய்க்கதை எல்லாம் பாதியில விடாம படிக்கிறது எப்படி

மகா சிவராத்திரிக்கு மறுநாள் வேலூர் பாலாத்தங்கரையில மயானக்கொள்ளைத் திருவிழா பாத்திருக்கீங்களா? காளி வேஷம் கட்டினவங்க சுடுகாட்டுப் பக்கம் ஆடினு வரும்போது சின்னப் பசங்க அம்மா முந்தானைய கெட்டியா புடிச்சிக்கும், ஆனா கண்ண மட்டும் மூடாது. இந்த மாதிரி நாவல் படிக்க அந்த மனசுதான் வேணும். "எனக்கு பயம், நான் படிக்க மாட்டேன்"னு சொல்றவங்களுக்குத்தான் இத எழுதறேன், ஏன்னா பயப்படத் தெரிஞ்சவங்கதான் இத நல்லா படிப்பாங்க.

மொதல்லயே தடி புக்க எடுக்காதீங்க. புதுமைப்பித்தனோட காஞ்சனைல ஆரம்பிங்க, சிறுகதைதான், அரை மணி நேரத்துல முடிஞ்சிடும். நடுராத்திரி வீட்டுக்குள்ள பொணம் எரியற வாடை அடிக்கும், அப்புறம் பாத்தா ஊதுபத்தி வாசனை வரும். பேய் வந்துச்சுன்னு எங்கயும் அடிச்சு சொல்ல மாட்டார். முடிச்சதும் இன்னொரு தடவ படிங்க, இந்த தடவ "இதெல்லாம் யாரு நம்மகிட்ட சொல்றாங்க, அந்த ஆளு சொல்றத எவ்ளோ நம்பலாம்"னு மட்டும் பாருங்க. பேய்க்கதை படிக்க வேற எந்தப் பயிற்சியும் தேவையில்ல, இந்த ஒரு கேள்வி போதும்.

அப்புறம் டிராகுலா, ரத்தம் குடிக்கற ஒரு பிரபுவோட கதை. 1897ல வந்தது, முழுக்க டைரி, லெட்டர், பேப்பர் செய்திங்களாவே போகும். மொத நாலு அத்தியாயம் கோட்டைக்குள்ள பயங்கரமா இருக்கும், அஞ்சாவதுல திடீர்னு ரெண்டு பொண்ணுங்க கல்யாணப் பேச்சு பத்தி லெட்டர் போட்டுனு இருப்பாங்க, அங்கதான் நெறைய பேர் மூடி வச்சிடறாங்க. மூடாதீங்க. ஒரு பேப்பர்ல தேதி, யாரு எழுதினது, இந்த ரெண்ட மட்டும் குறிச்சினு வாங்க. ஒருத்தருக்குத் தெரிஞ்சது இன்னொருத்தருக்குத் தெரியாம நாள் ஓடினு இருக்கும், நமக்கு மட்டும் ரெண்டும் தெரியும், பதட்டமே அங்கதான்.

டிஸ்டோபியா, அதாவது ஜனங்கள நசுக்கற ஆட்சி நடக்கற கற்பனை உலகத்த பத்தின நாவல், கொஞ்சம் வேற மாதிரி. இதுல பேய் இல்ல, கவர்மென்ட்டுதான் பேய். இதப் படிக்கும்போது நான் கையில வச்சிருக்கற கேள்வி, "மொதல்ல இவங்ககிட்ட இருந்து எத புடுங்கினாங்க?" எப்பவும் ரொம்ப சின்ன விஷயமாத்தான் இருக்கும். சுஜாதாவோட என் இனிய இயந்திரால எல்லார் பேரும் ரெண்டே எழுத்து, கொழந்த பெத்துக்க பர்மிஷன் வாங்கணும். பீகார்ல பொறந்த ஜார்ஜ் ஆர்வெல் 1949ல போட்ட "1984"ன்ற நாவல்ல டிக்ஷனரில இருந்து வார்த்தைய ஒவ்வொண்ணா வெட்டினு வருவாங்க, சொல்ல வார்த்தையே இல்லன்னா எதிர்த்து யோசிக்கவும் முடியாதுல்ல. அந்த புக்குல கடைசில ஒரு பின்னிணைப்பு இருக்கு, கதை முடிஞ்சுதுன்னு தள்ளிடாதீங்க. அந்த ஆட்சிய பத்தி முடிஞ்சு போன விஷயமா இறந்தகாலத்துல எழுதியிருக்கும், அப்போ அந்த ஆட்சியே ஒழிஞ்சிடுச்சோன்னு ஒரு கேள்வி வரும், எனக்கு மொத்த நாவலும் அங்கதான் திரும்புச்சு.

இது எங்கயோ வெளிநாட்டு சமாச்சாரம்னு தோணுச்சுன்னா புக்க எடுத்துனு நம்ம வேலூர் கோட்டைக்குப் போங்க, சாயங்காலம் புல்தரைல ஒக்காந்து படிங்க. நெத்தில பொட்டு நாமம் வைக்காத, தாடிய எடு, புதுசா குடுக்கற தலைப்பாகைய மாட்டுன்னு கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் சிப்பாய்ங்களுக்கு உத்தரவு போட்டான், 1806 ஜூலை 10ம் தேதி விடியறதுக்கு முன்னாடி இதே கோட்டைக்குள்ள சிப்பாய்ங்க துப்பாக்கி எடுத்தாங்க. நெத்தில கை வைக்கறது ஒரு ஆளுக்கு இன்னான்னு அங்க ஒக்காந்து படிச்சா புரியும், எனக்கு அங்கதான் புரிஞ்சுது.

நேரம் ரொம்ப முக்கியம். தூங்கறதுக்கு முன்னாடி கடைசியா இத படிக்காதீங்க, பேய்க்கதைய ராத்திரி படிச்சாதான் கிக்குன்னு சொல்லுவாங்க ஆனா தூக்கம் போச்சுன்னா மறுநாள் அந்த புக்க தொடவே மனசு வராது. நிறுத்தறப்ப அத்தியாயம் முடியற எடத்துல நிறுத்தாதீங்க, அங்கதான் எழுதறவங்க கொக்கி போட்டு வச்சிருப்பாங்க, நடுவுல சாதாரணமா டீ குடிக்கற மாதிரி ஒரு எடம் வரும், அங்க மூடுங்க.

மனசு சரியில்லாதப்ப வேண்டவே வேண்டாம். அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்ப ராத்திரி துணைக்கு இருந்துனு 1984 மூணாம் பாகம் படிச்சேன், சித்திரவத முழுக்க அதுலதான் வருது, நெஞ்சு அடைக்கற மாதிரி ஆயி மூடிட்டேன். ஆறு மாசம் கழிச்சு அதே பக்கத்துல இருந்து எடுத்து முடிச்சேன். அப்படி விட்டு வைக்கறதுல தப்பே இல்ல, பக்கத்த மடிக்காம சீட்டு வச்சி வைங்க.

முடிச்ச ஒடனே அடுத்த புக்க எடுக்காம மொத பக்கத்த மட்டும் திரும்பப் படிங்க. பேய்க்கதைன்னா அந்தப் பேய் யாருகிட்ட இன்னா கேட்டு வந்துச்சுன்றது பாதி அங்கயே இருக்கும். அப்புறம் வீட்டுல யாருகிட்டயாவது கதைய வாயால சொல்லுங்க, நான் என் தங்கச்சிகிட்ட சொல்லுவேன், சொல்ல சொல்ல எந்த எடம் நமக்குப் புரியலன்னு தானா தெரிஞ்சிடும், அந்த எடத்துக்குப் போயி இன்னொரு தடவ படிங்க.