ஃப்ரீடைவிங் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: காதோடு மல்லுக்கட்டாதீர்கள்

போன வாரம் ஃப்ரீடைவிங் பயிற்சியில், அதாவது சிலிண்டர் இல்லாமல் ஒரே மூச்சை அடக்கி ஆழத்துக்கு இறங்கும் பயிற்சியில், மிதவையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றிருந்தேன். புதிதாகப் பழக வந்த ஒரு தம்பி நாலாவது தடவையாக மேலே வந்தார். மாஸ்க்குக்குள் கண் சிவந்திருந்தது. இடது காதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தார். "எட்டு மீட்டர் வரைக்கும் போயிட்டேண்ணா. இன்னும் ரெண்டே மீட்டர். இந்தத் தடவை எப்படியும் தொட்டுடுவேன்" என்றார். அதற்குமேல் அன்றைக்கு அவரை இறங்க விடவில்லை. முகம் வாடிவிட்டது. இதே பேச்சை, இதே மாதிரி காதைப் பிடித்துக்கொண்டு நானும் ஒரு நாள் பேசினேன். என்னைத் தடுக்க அன்றைக்கு ஆள் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

தனியாக இறங்காதே, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு இறங்காதே, முறையாகப் பயிற்சி எடு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்களும் திரும்பத் திரும்பச் செய்வதைப் பற்றி மட்டும் பேசலாம்.

## நீச்சல் கண்ணாடியோடு ஆழத்துக்குப் போவது

வேண்டாம். மூக்கு உள்ளே அடங்காத கண்ணாடிக்குள் காற்றை ஊத வழியில்லை. ஆழம் கூடக் கூட அது கண்ணை உறிஞ்சி இழுக்கும்.

## காதை முக்கித் திறப்பது

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். கடல் மட்டத்தில் நம்மேல் இருப்பது ஒரு வளிமண்டல அழுத்தம். 10 மீட்டரில் அது இரண்டு மடங்கு. உடம்புக்குள் அடைபட்ட காற்று பாதியாகச் சுருங்கும். 20 மீட்டரில் மூன்று மடங்கு. காற்று மூன்றில் ஒரு பங்கு. 30 மீட்டரில் கால் பங்கு. அதாவது முதல் 10 மீட்டரிலேயே பாதிக் காற்று சுருங்கிவிடுகிறது. அடுத்த 10 மீட்டரில் குறைவது ஆறில் ஒரு பங்குதான். காதுக்குச் சோதனை மேல்பகுதியிலேயே வந்துவிடுகிறது. புதியவர் சுலபம் என்று நினைக்கும் அந்த ஐந்தாறு மீட்டர்தான் காதைப் படுத்தும்.

செவிப்பறைக்குப் பின்னால் நடுக்காது என்ற சின்ன அறை இருக்கிறது. மூக்கின் பின்பக்கத்திலிருந்து அதற்குப் போகும் யூஸ்டேஷியன் குழாய் சாதாரணமாக மூடியே கிடக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு நொடி திறந்து மூடும். நாம் இறங்க இறங்கத் தண்ணீர் செவிப்பறையை உள்ளே தள்ளுகிறது. குழாய் வழியாகக் கொஞ்சம் காற்றை அனுப்பினால் செவிப்பறை பழைய நிலைக்கு வரும். ஈக்வலைஸ் செய்வது என்று சொல்வது இதைத்தான்.

தவறு நடப்பது எங்கே என்றால், வலி வந்த பிறகு ஊதத் தொடங்குகிறோம். ஊதாமல் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக இறங்கிவிட்டாலே போதும், அழுத்த வித்தியாசம் குழாயின் வாயை நசுக்கிப் பூட்டிவிடலாம். பூட்டிய பிறகு எவ்வளவு பலமாக ஊதினாலும் திறக்காது. திறக்க ஒரே வழி, மேலே ஏறுவது. ஒரு மீட்டர் ஏறினாலே பெரும்பாலும் இளகிவிடும். ஆனால் ஏறுவதற்கு மனசு வராது. மிதவையிலிருந்து தொங்கும் கயிற்றின் கீழ்நுனியில், இலக்காகக் கட்டிய தட்டு கண்ணுக்குத் தெரிகிறதே!

எனக்கு ஆறாவது மீட்டரில் பூட்டியது. ஏறவில்லை. ஒரு கையால் கயிற்றைப் பிடித்து, மறு கையால் மூக்கைப் பொத்தி, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து முக்கினேன். காதுக்குள் ஈரத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். வலி சட்டென்று நின்றது. திறந்துவிட்டது என்றே நினைத்தேன். மறுநொடி தலைக்குள் ஜில்லென்று ஏதோ ஓடியது, கண்முன்னால் இருந்த கயிறு சுற்ற ஆரம்பித்தது. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. கண்ணை மூடினாலும் சுற்றியது. கயிறு கைக்குள் இருந்ததால் பிழைத்தேன். கையை மாற்றி மாற்றிப் பிடித்து ஏறி வந்தேன்.

செவிப்பறை கிழிந்து குளிர்ந்த நீர் உள்ளே புகுந்ததும், சமநிலையைக் கவனிக்கிற உள்காது ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்துபோகிறது. இரண்டு காதும் மூளைக்கு இரண்டு விதமான செய்தி சொல்கின்றன. உள்ளே போன நீர் உடம்புச் சூட்டுக்கு வந்ததும் சுற்றல் அடங்கும். அதுவரை பதறாமல் எதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அன்றிரவு தலையணையில் இளஞ்சிவப்பாக ஒரு வட்டம் இருந்தது. காது மூக்கு தொண்டை மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்றார். செவிப்பறை பெரும்பாலும் தானாகவே வளர்ந்து மூடிக்கொள்ளும், ஆனால் வாரக்கணக்கில் ஆகும். எனக்கு இரண்டு மாதம். அந்தப் பருவம் முழுக்கக் கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் இறங்குவதைப் பார்த்தேன்.

அதுகூடப் பரவாயில்லை என்றுதான் இப்போது சொல்வேன். அப்படிப் பலமாக முக்கும்போது உள்காதின் மெல்லிய சவ்வு கிழிந்தால், கேட்கும் திறன் திரும்பாமலே போகலாம், காதில் இரைச்சல் நிலைத்துவிடலாம். சில மீட்டருக்காக நான் பணயம் வைத்தது இதைத்தான். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது. வேறொருவர் அதையே செய்யப் பார்க்கும்போது இன்னும் அதிகமாக.

சரி, என்ன செய்யலாம்?

முக்குகிற முறைக்கு வல்சால்வா என்று பெயர். இத்தாலிய உடற்கூற்று அறிஞர் அந்தோனியோ வல்சால்வாவின் பெயர் அது. வயிற்றையும் நெஞ்சையும் இறுக்கி, நுரையீரல் காற்றை மேலே தள்ளுகிறோம். நிமிர்ந்து நிற்கும்போது வேலை செய்யும். தலைகீழாக இறங்கும்போது காற்று நெஞ்சுப் பக்கம் ஏறிக்கொள்கிறது, நுரையீரலும் சுருங்கிக்கொண்டே வருகிறது. அதை எதிர்த்துத் தள்ள அதிக பலம் வேண்டும். பலம் கூடினால் உடம்பு இறுகும், உடம்பு இறுகினால் ஆக்சிஜன் வீண்.

பழக வேண்டியது ஃப்ரென்ஸல் முறை. ஜெர்மன் மருத்துவர் ஹெர்மன் ஃப்ரென்ஸல் உருவாக்கியது; இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமானிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இதில் நுரையீரலுக்கு வேலையே இல்லை, நாக்குதான் பம்பு. நான் சொல்லிக்கொடுக்கும்போது எழுத்தை வைத்தே சொல்வேன். 'ந்' என்று உச்சரித்து அப்படியே நிறுத்துங்கள். நாக்கின் நுனி மேல் பல்லுக்குப் பின்னால் அடைத்துக்கொண்டு நிற்கும். இப்போது மூக்கைப் பொத்துங்கள். பாரம் தூக்குமுன் தொண்டையை அடைப்போமே, அதேபோல அடையுங்கள், வயிறு இறுகாமல். அப்புறம் நுனியை எடுக்காமல் நாக்கின் நடுவையும் பின்பகுதியையும் 'ங்' சொல்லும் இடத்துக்கு உருட்டிக்கொண்டு போங்கள். நாக்குக்கு மேலே இருந்த காற்றுக்கு வேறு போக்கிடம் இல்லை. காதுக்குள் மெல்ல ஒரு 'டக்' கேட்கும். மூக்குச் சிறகு விரல்களுக்கிடையே லேசாகப் புடைக்கும், குரல்வளை மேலே ஏறி இறங்கும்.

ஒரு கையை வயிற்றில் வைத்துப் பாருங்கள். வயிறு இறுகினால் நீங்கள் இன்னும் முக்குகிறீர்கள். மூச்சு முழுவதையும் வெளியே விட்டுவிட்டும் காது திறந்தால், வந்துவிட்டது. கண்ணாடிமுன் நின்று தினமும் கொஞ்ச நேரம், அழுத்தம் கொடுக்காமல், இரண்டு வாரம் பழகினால் பெரும்பாலோருக்குப் பிடிபட்டுவிடும். தண்ணீருக்குள் போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

நீருக்குள் போன பிறகு கவனிக்க வேண்டியவை சில உண்டு. தலை தண்ணீருக்குள் போகுமுன்பே ஒரு தடவை திறந்துவிடுங்கள். முதல் 10 மீட்டரில் கையை மூக்கிலிருந்து எடுக்கவே வேண்டாம்; அரை மீட்டருக்கு ஒரு தடவை, காதில் அழுத்தம் தெரியுமுன்பே காற்றைக் கொடுத்துக்கொண்டே போங்கள். அடித்தளத்தைப் பார்க்காதீர்கள். பார்த்தால் கழுத்து பின்னால் வளைந்து தொண்டையும் குழாயும் இழுபடும். எட்டு மீட்டரில் நின்றுபோன அந்தத் தம்பியும் தட்டைத்தான் பார்த்துக்கொண்டு போனார். மூக்குக்கு நேரே இருக்கும் கயிற்றைப் பாருங்கள், தாடை கொஞ்சம் உள்ளே வரட்டும். முதல் சில நாள் தலைகீழாகவே போக வேண்டாம்; கயிற்றைப் பிடித்துக் கால் முதலாக மெதுவாக இறங்குங்கள். தலை மேலே இருந்தால் காது சுலபமாகத் திறக்கும்.

திறக்கவில்லையா, நில்லுங்கள். ஒரு மீட்டர் ஏறி ஒரே ஒரு தடவை முயலுங்கள். இல்லையென்றால் மேலே வந்துவிடுங்கள். அடுத்தடுத்து இரண்டு தடவை இப்படி ஆனால் அன்றைய வேலை முடிந்தது. இது நான் எனக்கே போட்டுக்கொண்ட சட்டம், இன்றுவரை மீறியதில்லை.

## ஜலதோஷத்தோடு இறங்குவது

மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்காதீர்கள். கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் தணிந்தால், ஏறும்போது காற்று வெளியேற முடியாமல் காதுக்குள் மாட்டிக்கொள்ளும். கீழேயே தங்கிக் காத்திருக்கவும் முடியாது.

## இறங்குமுன் வேகவேகமாக மூச்சு வாங்குவது

'நிறைய ஆக்சிஜன் ஏத்திக்கிட்டுப் போறேன்' என்று இதைச் செய்கிறார்கள். ஏறுவதில்லை. சாதாரணமாக மூச்சு விடும்போதே இரத்தத்தின் ஹீமோகுளோபின் 97, 98 சதவீதம் ஆக்சிஜனால் நிரம்பித்தான் இருக்கிறது. வேகமாக மூச்சு வாங்குவதால் குறைவது கார்பன் டை ஆக்சைடு. மூச்சு முட்டுகிறது என்ற உணர்வைக் கொடுப்பதே அந்தக் கார்பன் டை ஆக்சைடு சேர்வதுதான். அதைக் கழித்துவிட்டால் முட்டல் தாமதமாக வரும், நீங்கள் நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டே இருப்பீர்கள். ஆக்சிஜனோ வழக்கம்போலத் தீர்ந்துகொண்டிருக்கும். நீருக்கடியில் நீந்தி நினைவிழந்தவர்களை ஆராய்ந்த அமெரிக்க உடலியலாளர் ஆல்பர்ட் கிரெய்க் 1961-லேயே இதை எழுதிவிட்டார்.

ஆழத்தில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. கீழே இருக்கும் அழுத்தம் நுரையீரலில் மிச்சமுள்ள ஆக்சிஜனை இரத்தத்துக்குள் தள்ளிக்கொண்டிருக்கும். 10 மீட்டரிலிருந்து மேலே வரும்போது அந்த அழுத்தம் பாதியாகிவிடும். அதனால்தான் நினைவு தப்புவது பெரும்பாலும் கடைசி சில மீட்டரிலோ, மேலே வந்த பிறகோ நடக்கிறது. கீழே எந்த அறிகுறியும் தெரியாமலே இது நடக்கலாம்.

விரல் நுனி சுருசுருவென்று இருந்தால், உதடு மரத்தால், தலை லேசானால், நீங்கள் அதிகமாக மூச்சு வாங்கிவிட்டீர்கள். இறங்க வேண்டாம். சில நிமிடம் சும்மா மிதந்து, தூங்கப்போகும்போது எப்படி மூச்சு விடுவோமோ அப்படி விடுங்கள். கடைசியில் ஒரே ஒரு முழு மூச்சு போதும்.

## ஸ்நார்கலை வாயில் வைத்துக்கொண்டே இறங்குவது

மேலே மிதக்கும்போது மூச்சு விட உதவும் அந்தக் குழாயை இறங்குமுன் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். நினைவு தப்பினால் தண்ணீர் தொண்டைக்குப் போக அது நேர்வழி.

## துணைக்கு ஆள் இருந்தும் இல்லாதது

இருவரும் ஒரே நேரத்தில் இறங்கினால் இருவருமே தனியாகத்தான் இருக்கிறீர்கள். ஒருவர் கீழே, ஒருவர் மேலே, அப்படித்தான் மாறி மாறி இறங்க வேண்டும். மேலே இருப்பவர் கேமராவைத் துடைத்துக்கொண்டிருக்கக் கூடாது. கீழே போனவர் திரும்பும்போது சில மீட்டர் இறங்கி எதிர்கொண்டு, முகத்தைப் பார்த்தபடியே கூட ஏறி வரவேண்டும். மேலே வந்து தலை வெளியே தெரிந்ததும் வேலை முடிந்தது என்று திரும்பிவிடுகிறார்கள். இன்னும் 30 நொடி அந்த முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. அவர் நினைவிழந்தால் முகத்தைத் தண்ணீருக்கு மேலே பிடித்து, மாஸ்க்கைக் கழற்றி, கண்ணுக்குக் கீழே ஊதி, கன்னத்தில் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பலர் இதிலேயே மூச்சு விட்டு விழித்துக்கொள்வார்கள். மூச்சு வரவில்லையென்றால் தாமதிக்காமல் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். படித்தால் மட்டும் இது கைக்கு வராது. ஆழம் பழகுமுன் இருவரும் இதைத் தண்ணீரில் செய்து பழகுங்கள்.

## ஈயத்தை அதிகமாகக் கட்டுவது

இறங்கச் சுலபமாக இருக்கிறதே என்று இடுப்பு பெல்ட்டில் ஒரு ஈயக் கட்டி கூடச் சேர்ப்பார்கள். ஏறும்போது அதே கட்டியைச் சுமந்துகொண்டு, ஆக்சிஜன் தீர்ந்த காலால் உதைக்க வேண்டியிருக்கும். மேலே நின்று சாதாரணமாக மூச்சை வெளியே விட்ட பிறகும் தலை மிதக்க வேண்டும். ஆரம்ப நாட்களில் 10 மீட்டர் வரை உடம்பு தானாக மூழ்கக் கூடாது. பெல்ட்டின் கொக்கியை ஒரே கையால், கண்ணால் பார்க்காமல் கழற்ற முடிகிறதா என்று கரையிலேயே பார்த்துவிடுங்கள்.

## தண்ணீரில் தனியாக மூச்சடக்கிப் பழகுவது

குளத்திலும் வேண்டாம், குளியல் தொட்டியிலும் வேண்டாம். தரையில் படுத்துப் பழகுங்கள்.

## மேலே வந்ததும் மூச்சை முழுவதுமாக ஊதி வெளியே தள்ளுவது

இது எல்லோருக்கும் இயல்பாக வருவது, அதனால் பழகித்தான் மாற்ற வேண்டும். அந்த நொடியில்தான் உடம்பில் ஆக்சிஜன் மிகக் குறைவு. நுரையீரலைக் காலியாக்கினால் இன்னும் இறங்கும். புது மூச்சின் ஆக்சிஜன் மூளைக்குப் போய்ச் சேரவும் சில நொடி ஆகும். மிதவையைப் பிடியுங்கள். கொஞ்சமாக வெளியே விட்டு, வாயால் சட்டென்று முழுக்க இழுத்து, ஒரு நொடி பிடித்து, மறுபடி கொஞ்சமாக விடுங்கள். இப்படி மூன்று நான்கு தடவை. அப்புறம் துணைக்கு நிற்பவரைப் பார்த்துக் கை காட்டி, 'நல்லா இருக்கேன்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எவ்வளவு ஆழம் போனோம் என்று வாட்சைப் பார்ப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.