லினக்ஸ்ல பென் டேப்லெட்: ட்ரைவர் தேடி ஓடுறதுக்கு முன்னாடி

பேனாவால படம் வரையுற டேப்லெட்ட கம்ப்யூட்டர்ல சொருகுன உடனே நிறைய பேர் ட்ரைவர் தேட ஆரம்பிச்சிடுறாங்க, முதல் தப்பே அதான். வாகாம் டேப்லெட்டுக்கு ட்ரைவர் லினக்ஸோட மையப் பகுதியான கெர்னலுக்குள்ளயே இருக்கு, சொருகினா போதும். ஹூயான், எக்ஸ்பி பென் மாடல்லயும் பலது அப்படியே ஓடிடும், ஓடலன்னா கம்பெனி தர்ற லினக்ஸ் ட்ரைவர் போடலாம், இல்ல ஓப்பன்டேப்லெட்ட்ரைவர்ங்கற பொதுவான ஓப்பன் சோர்ஸ் ட்ரைவர் போடலாம். ஆனா ரெண்டையும் சேர்த்து மட்டும் போட்றாதீங்க, ரெண்டும் ஒரே டேப்லெட்டுக்கு அடிச்சிக்கிட்டா கர்சர் குதிக்கும், பிரஷர் (பேனாவ எவ்வளவு அழுத்துறோம்ங்கறது) வராது, எங்க தப்புன்னு கண்டுபிடிக்கவே முடியாது. ஒன்ன முழுசா எடுத்துட்டு அடுத்தத போடுங்க. விண்டோஸ் ட்ரைவர வைன்ல (லினக்ஸ்ல விண்டோஸ் புரோகிராம் ஓட்டுற சாஃப்ட்வேர்) போட்டு பாக்குறதும் வேண்டாம், ஹார்டுவேர் ட்ரைவருக்கு வைன் ஆகாது.

அடுத்தது தான் என்னைய ரொம்ப நாள் படுத்துன விஷயம், மேப்பிங், அதாவது டேப்லெட்டோட எந்த எடம் ஸ்க்ரீன்ல எங்க வரும்ங்கறது. வட்டம் போட்டா படுத்த முட்டை மாதிரியே வந்துச்சு, கைதான் இன்னும் பழகலன்னு நெனச்சு பக்கம் பக்கமா வட்டமா போட்டு பழகிட்டு இருந்தேன். கடைசில பாத்தா அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் டேப்லெட்ல 16:10, மானிட்டர்ல 16:9, முழு டேப்லெட்டையும் முழு ஸ்க்ரீனுக்கு விரிச்சா உயரம் பத்துல ஒரு பங்கு அமுங்கிடும். இதே ரெண்டு மானிட்டர் பக்கத்துல பக்கத்துல இருந்து டேப்லெட் ரெண்டுக்கும் சேர்ந்து விரிஞ்சிருந்தா வட்டம் ரெண்டு மடங்குக்கு மேல அகலமாயிடும். செக் பண்றது ஈஸி, ஒரு பாட்டில் மூடிய டேப்லெட் மேல வச்சு அதை சுத்தி பேனாவால வரைங்க, ஸ்க்ரீன்லயும் உருண்டையா வந்தா சரி. இல்லன்னா செட்டிங்ஸ்ல ஒரே ஒரு மானிட்டர தேர்ந்தெடுத்துட்டு, ஆஸ்பெக்ட் ரேஷியோவ அப்படியே வைங்கற ஆப்ஷன ஆன் பண்ணுங்க, டேப்லெட்ல கீழ கொஞ்சம் எடம் வீணாகும், போகட்டும். இத சரி பண்ணாம பழகினா கை அந்த கோணலுக்கே பழகிடும், அப்புறம் மாத்துறது கஷ்டம்.

டேப்லெட் செட்டிங்ஸ மாத்துற எக்ஸ்செட்வாகாம் கமாண்ட் அடிச்சும் ஒன்னும் மாறலையா? நீங்க வேலண்ட்ல இருப்பீங்க. லினக்ஸ்ல ஸ்க்ரீன்ல எல்லாத்தையும் காட்டுற சிஸ்டம் ரெண்டு இருக்கு, பழசு எக்ஸ்11, புதுசு வேலண்ட். அந்த கமாண்ட் எக்ஸ்11ல மட்டும்தான் வேலை செய்யும், வேலண்ட்ல உங்க டெஸ்க்டாப்போட (க்னோம் இல்ல கேடிஈ) செட்டிங்ஸ்லயே மாத்திக்கணும். எதுல இருக்கோம்னு க்னோம் செட்டிங்ஸ்ல அபவுட் பக்கத்துலயே போட்டிருக்கும். எக்ஸ்11லயும் ஒரு சிக்கல் இருக்கு, கழட்டி சொருகினாலோ ரீஸ்டார்ட் பண்ணாலோ அந்த செட்டிங் போயிடும், அதனால கமாண்ட ஒரு ஸ்கிரிப்ட்ல எழுதி லாகின் ஆகும்போது ஓட விடுங்க, நடுவுல கழட்டினா அதையே திரும்ப ஓட்டிக்கலாம்.

பிரஷர் வரலன்னா உடனே டேப்லெட்ட திட்டாதீங்க. முதல்ல படம் வரையுற சாஃப்ட்வேரான கிருதால டேப்லெட் செட்டிங்ஸ் உள்ள டெஸ்டர் இருக்கு, அதுல அழுத்தி பாருங்க, நம்பர் ஏறி இறங்குச்சுன்னா டேப்லெட்டும் ட்ரைவரும் நல்லாத்தான் இருக்கு. இன்னொரு பட சாஃப்ட்வேரான ஜிம்ப் 2.10ல மட்டும் வரலன்னா எடிட் மெனுல இன்புட் டிவைசஸ் போய் பேனாவோட மோட ஸ்க்ரீன்னு மாத்தி சேவ் பண்ணுங்க, அது பெரும்பாலும் டிசேபிள்டுன்னு இருக்கும். அதோட பெயிண்ட் டைனமிக்ஸ்ல (அழுத்தத்துக்கு ஏத்த மாதிரி கோடு எப்படி மாறணும்னு சொல்ற எடம்) பிரஷர் சைஸ் மாதிரி ஏதாவது ஒன்ன போடணும், இல்லன்னா பிரஷர் வந்தும் கோடு ஒரே தடிமன்லதான் இருக்கும்.

அப்புறம் கேபிள். சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிள்ல சொருகினா லைட் எரியும், ஆனா கம்ப்யூட்டருக்கு டேப்லெட்டே தெரியாது, அதனால பெட்டில வந்த கேபிளையே போட்டு பாருங்க.