ஃபில்டர் போடும்போது காணாமல் போகும் வரிசைகள்

ஆய்வேடு சமர்ப்பிக்கும் காலம் நெருங்கினால் லேப்டாப்போடு என்னைத் தேடி வரும் மாணவர்கள் கூடிவிடுவார்கள். சமூகப்பணி, வணிகவியல், நர்சிங் என்று துறை எதுவானாலும், புதுச்சேரிக்காரர் ஆனாலும் கடலூர்க்காரர் ஆனாலும், முதல் வார்த்தை ஒன்றுதான்: “சார், டேபிள் டேலி ஆக மாட்டேங்குது.” புள்ளியியல் சோதனையில் தப்பு இருப்பது அபூர்வம். அதற்கு முந்தைய படியில், தேவையான வரிசைகளை மட்டும் பிரித்தெடுக்கிற இடத்தில்தான் கோளாறு இருக்கும். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இடறிய இடங்கள் என்பதால் பார்த்ததும் தெரிந்துவிடுகிறது.

மூல ஃபைலைக் காப்பி எடுக்காமல் வரிசைகளை அழிப்பது, அதன் மேலேயே சேமிப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அந்த அடி ஒரு தடவை பட்டால் யாருக்கும் மறக்காது. பட்டது கூடத் தெரியாமல் போகும் தவறுகள்தான் ஆபத்தானவை.

பதில் சொல்லாதவர்கள் எங்கே போனார்கள்?

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

கடலூர்க் கடற்கரையில் மீனவக் குடும்பங்களின் கடன் நிலைமையை ஆராய்ந்த மாணவி ஒருவர் வந்தார். தேவனாம்பட்டினத்திலும் பக்கத்துக் குப்பங்களிலும் வீடு வீடாக ஏறி இறங்கி எழுதி வாங்கிய படிவங்கள். சிலவற்றில் மீன் வாடை கூடப் போகவில்லை. ‘யாரிடம் கடன் வாங்கினீர்கள்?’ என்ற கேள்விக்கு வங்கி 1, மகளிர் குழு 2, கந்துவட்டி 3 என்று ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு எண் (கோடு) கொடுத்திருந்தார். கந்துவட்டிக்கு வாங்கியவர்களுக்கு ஒரு டேபிள், வாங்காதவர்களுக்கு ஒரு டேபிள். முதலாவதற்கு ‘கடன் == 3’ (3-க்குச் சமம்) என்று ஃபில்டர்; இரண்டாவதற்கு ‘கடன் != 3’ (3 அல்லாதது).

இரண்டையும் கூட்டினால் மொத்தக் குடும்பங்களும் வந்தாக வேண்டும் அல்லவா? வரவில்லை. நெறியாளரின் கண்ணில் அது படவில்லை. வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, வந்த வெளித்தேர்வாளர் மனக்கணக்காகவே கூட்டிவிட்டு, “மீதிப் பேர் எங்கம்மா?” என்று கேட்டார். பதில் இல்லை. ஒரு அதிகாரம் முழுவதையும் திரும்ப எழுத வேண்டியதாயிற்று, பட்டம் தள்ளிப்போனது, அதை நம்பி விண்ணப்பித்திருந்த வேலையும் கைநழுவியது. அதற்கப்புறம்தான் என்னிடம் வந்தார்.

நடந்தது என்ன? பத்து குடும்பங்களை வைத்துப் பாருங்கள். நான்கு பேர் கந்துவட்டி, நான்கு பேர் வேறு இடம், இரண்டு பேர் பதில் சொல்லவில்லை, கட்டம் காலி. இப்போது ‘3 அல்லாதவர்கள்’ எத்தனை பேர்?

தரவை அலச நாம் பயன்படுத்தும் எஸ்பிஎஸ்எஸ், ஆர் (R), ஸ்டேட்டா, பைதான் ஆகியவை ஒரே விடை சொல்வதில்லை. எஸ்பிஎஸ்எஸ்ஸில் வரிசைகளைப் பிரிக்கும் செலக்ட் கேசஸ் போட்டால் நான்கு. ஆரில் டிப்ளையர் என்ற பொதியின் ஃபில்டர் போட்டாலும் நான்கு. அதே ஆரில் சதுர அடைப்புக்குள் நிபந்தனை எழுதினால் ஆறு வரிசை வரும். ஆனால் கடைசி இரண்டில் பெயர் முதல் வருமானம் வரை எல்லாமே என்ஏ, அதாவது ‘மதிப்பு இல்லை’ என்ற குறி. ஸ்டேட்டாவில் ‘கீப் இஃப்’ போட்டால் ஆறு, ஒழுங்கான ஆறு. பைதானில் பாண்டாஸ் என்ற பொதியின் வழக்கமான எண் வேரியபிளிலும் (தரவின் ஒரு பத்தி) ஆறு. ஆரிலேயே ‘இந்தப் பட்டியலில் உள்ளதா’ என்று கேட்கும் ‘%இன்%’ கொண்டு எழுதி அதை மறுத்தால், விழுந்த இரண்டும் திரும்பி வந்துவிடும்.

மென்பொருள் எதையும் குறை சொல்ல முடியாது. காலிக் கட்டம் 3-க்குச் சமமா என்று கேட்டால் எஸ்பிஎஸ்எஸ்ஸும் ஆரும் ‘தெரியாது’ என்கின்றன. ‘3 அல்லவா?’ என்று கேட்டாலும் ‘தெரியாது’தான். ‘ஆம்’ என்று வந்த வரிசை மட்டும் உள்ளே என்பதால், தெரியாதவை இரண்டு பக்கமும் சேராமல் நடுவில் விழுந்துவிடுகின்றன. எச்சரிக்கை எதுவும் வராது. சிவப்பு எழுத்து வராது. அதுதான் இதில் கொடுமை.

‘இரண்டு பேர்தானே, போகட்டும்’ என்று சொல்பவர்களிடம்தான் எனக்குக் கோபம் வரும். அந்த இரண்டு பேர் யார்? கந்துவட்டிக்கு வாங்கிக் கழுத்துவரை கடனில் இருக்கும் குடும்பம், முதல் தடவை வாசலுக்கு வந்த அறிமுகமில்லாத பெண்ணிடம் அதைச் சொல்லுமா? வட்டிக்காரர் தெருமுனையில் நின்றுகொண்டிருக்கலாம். சொல்லத் தயங்கியவர்களில்தான் அதிகக் கடன்காரர்கள் இருக்க வாய்ப்பு அதிகம். யாரைப் பற்றி ஆராய்ச்சியோ அவர்களையே ஃபில்டர் வெளியே அனுப்பிவிட்டு, மிச்சமிருப்பவர்களை வைத்து ‘கடன் சுமை பரவாயில்லை’ என்று எழுதினால் அந்த முடிவு யாருக்கு உதவும்?

இதே தவறு எதிர்ப்பக்கமாகவும் வரும். ஸ்டேட்டாவில் விடுபட்ட எண் எந்த எண்ணையும் விடப் பெரியது. ‘வயது > 60’ என்று போட்டால், வயதே எழுதாதவர்கள் அத்தனை பேரும் முதியோர் பட்டியலில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். ‘வருமானம் > 20000’ என்றால், வருமானம் சொல்ல மறுத்தவர்கள் வசதியானவர்கள் ஆகிவிடுவார்கள். ‘வயது விடுபடவில்லை’ என்ற நிபந்தனையையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பதில் இல்லை என்பதற்கு 99 போடும் பழக்கம் நம் பக்கத்தில் நிறைய. அது தப்பில்லை. ஆனால் எஸ்பிஎஸ்எஸ்ஸின் வேரியபிள் வியூவில் மிஸ்ஸிங் என்ற இடத்தில் 99-ஐக் குறித்தீர்களா இல்லையா என்பதைப் பொறுத்து ஒரே ஃபில்டருக்கு இரண்டு விடை வரும். குறித்திருந்தால் அந்த வரிசைகள் விழும். குறிக்காவிட்டால் 99 என்பது 3 அல்லவே, அதனால் உள்ளே நிற்கும். வயதுக்கும் 99 போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். ஃபில்டர் போடுமுன் அந்த வேரியபிளுக்கு ஒரு அலைவெண் அட்டவணை (எந்தப் பதில் எத்தனை தடவை என்ற பட்டியல்) எடுங்கள், மிஸ்ஸிங்கும் தெரிகிற மாதிரி. ஆரின் டேபிள் கட்டளை கேட்காமல் என்ஏ-வைக் காட்டாது. யூஸ்என்ஏ என்று சேர்த்துக் கேட்க வேண்டும். அப்புறம் நிபந்தனையையும் அதன் மறுப்பையும் தனித்தனியே போட்டு எண்ணிப் பாருங்கள். கூட்டுத்தொகை மொத்தத்துக்குக் குறைந்தாலும் கூடினாலும் அந்த இடத்திலேயே நில்லுங்கள். விடுபட்டவர்களை வைத்துக்கொள்வதா விடுவதா என்பது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. மென்பொருள் எடுத்துவிடக் கூடாது. விடுவதாக இருந்தால், எத்தனை பேரை விட்டீர்கள் என்று ஒவ்வொரு டேபிளின் அடியிலும் எழுதுங்கள்.

அந்த மாணவி இரண்டாம் தடவை ‘பதில் அளிக்காதவர்கள்’ என்று மூன்றாவது டேபிள் ஒன்று போட்டார். ஆய்வேட்டில் அதுதான் அதிகம் பேசப்பட்ட பக்கம்.

ஃபில்டரை அணைக்க மறப்பது

எஸ்பிஎஸ்எஸ் திரையின் அடியில் ‘ஃபில்டர் ஆன்’ என்று தெரிந்தால், அடுத்த சோதனைக்கு முன் அணையுங்கள்.

இரண்டு ஊருக்கு ஒரு சமக்குறி

பண்ருட்டி, விருத்தாசலம் இரண்டு வட்டங்களின் முந்திரி விவசாயிகள் மட்டும் வேண்டும். ஆரில் ‘வட்டம் ==’ என்று எழுதி இரண்டு பெயரையும் ஒரே தொகுப்பாகக் கொடுத்துவிடுகிறார்கள். வரிசைகள் வரும்; பார்க்கச் சரியாகவும் இருக்கும். ஆனால் ஆர் முதல் வரிசையைப் பண்ருட்டியோடும், இரண்டாவதை விருத்தாசலத்தோடும், மூன்றாவதை மறுபடி பண்ருட்டியோடும் ஒப்பிட்டுக்கொண்டே போகும். இரண்டாம் வரிசையில் ஒரு பண்ருட்டிக்காரர் இருந்தால் அவர் அவுட். மொத்த வரிசை இரட்டைப்படையாக இருந்தால் எச்சரிக்கை கூட வராது. ‘%இன்%’ போடுங்கள்.

புதுச்சேரி என்றால் எந்தப் புதுச்சேரி?

அகில இந்தியத் தரவில் ‘மாநிலம் == புதுச்சேரி’ என்று பிரித்துவிட்டு, வந்ததை நம் ஊர்க் கதையாக எழுதிவிடுகிறார்கள். மலையாளம் பேசுபவர்கள் ஏன் இத்தனை பேர் என்று யாராவது கேட்கும்போதுதான் விழிப்பார்கள். காரைக்கால், கேரளக் கரையில் இருக்கும் மாஹே, ஆந்திரப் பக்கம் கோதாவரிக் கரையில் இருக்கும் ஏனாம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த வரிசைகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒன்றியப் பிரதேசம் முழுவதும் 12,47,953 பேர். புதுச்சேரி மாவட்டத்தில் 9,50,289. ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வெளியூர். மாவட்ட நிலையில் பிரியுங்கள்.

பின்கோடை வைத்துப் பிரிக்கலாம் என்று நினைத்தால் அதுவும் இங்கே கைகொடுக்காது. புதுச்சேரி நிலம் துண்டு துண்டாகக் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களோடு பின்னிக் கிடக்கிறது. பாகூர் புதுச்சேரியைச் சேர்ந்தது, ஆனால் பின்கோடு கடலூரைப் போல 607-இல் தொடங்கும். விழுப்புரம் தமிழ்நாடு, ஆனால் பின்கோடு புதுச்சேரியைப் போல 605.

பழைய தரவு என்றால் இன்னும் கவனம் வேண்டும். கடலூர் மாவட்டம் 1993-இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய ஃபைலில் ‘கடலூர்’ என்று மாவட்டத்தைத் தேடினால் பூஜ்யம்தான். 2006-க்கு முந்தைய ஃபைல்களில் புதுச்சேரியின் பெயர் பாண்டிச்சேரி என்று இருக்கும். பெயரைக் காட்டிலும் மாநிலத்துக்குத் தரப்படும் எண் கோடு நம்பகமானது: அதே 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாடு 33, புதுச்சேரி 34.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

தமிழிலேயே ஊர்ப்பெயர் ஏற்றியவர்களுக்கு இது. காட்டுமன்னார்கோயில் என்பதில் வரும் ‘கோ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். ஓகாரக் குறி ஒரே குறியீடாக இருக்கலாம். இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாகவும் இருக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஃபில்டருக்கு இரண்டும் வேறு வேறு ஊர். பிடிஎஃப்பிலிருந்து ஒட்டியவை, பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியவை என்று பல கை பட்ட ஃபைலில் இது சகஜம். பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் ஒன்றாகிவிடும். ஆரில் ஸ்ட்ரிங்கி, பைதானில் யூனிகோட்டேட்டா இதைச் செய்யும். கோயில், கோவில் என்று இரண்டு விதமாக எழுதியிருப்பதை மட்டும் நீங்களேதான் உட்கார்ந்து திருத்த வேண்டும். பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட இடைவெளியையும் சேர்த்து நீக்குங்கள்.

எக்செல்லில் கூட்டுவது

‘சம்’ ஃபில்டரில் மறைந்த வரிசைகளையும் கூட்டும். ‘சப்டோட்டல்’ 9 கூட்டாது.

மாதிரி ஆய்வுத் தரவில் வரிசைகளை வெட்டுவது

தேசியக் குடும்பநல ஆய்வு போன்ற தரவை எடுத்தவுடன், தங்களுக்கு வேண்டாத வரிசைகளை அழித்துவிட்டுத்தான் பலர் வேலையைத் தொடங்குகிறார்கள். சராசரியும் சதவீதமும் சரியாகவே வரும், அதனால் சந்தேகம் வராது. திட்டப்பிழைதான், அதாவது மாதிரியை வைத்துச் சொல்லும் மதிப்பு எவ்வளவு விலகக்கூடும் என்ற அளவுதான், தப்பாகும். முதலில் சில கிராமங்களையும் நகரப் பகுதிகளையும் தேர்ந்தெடுத்து, அங்கே வீடுகளைத் தேர்ந்தெடுத்து நடத்தப்பட்ட ஆய்வு அது. நீங்கள் வெட்டியதில் ஒரு கிராமம் முழுதாகப் போய்விட்டால், அப்படியொரு கிராமம் மாதிரியில் இருந்ததே மென்பொருளுக்குத் தெரியாது. அதை விட்டுவிட்டுத்தான் பிழையைக் கணக்கிடும். முழுத் தரவையும் வைத்துக்கொண்டு ஆய்வு வடிவமைப்பை அறிவியுங்கள். பிறகு ஸ்டேட்டாவில் சப்பாப் மூலம் உங்கள் பிரிவைச் சொல்லுங்கள். ஆரின் சர்வே பொதியில் வடிவமைப்புப் பொருளின் மீது சப்செட் போடுங்கள்.

நிபந்தனையை எழுதி வைக்காதது

எஸ்பிஎஸ்எஸ்ஸில் ‘ஓகே’ அழுத்தாமல் ‘பேஸ்ட்’ அழுத்துங்கள். நிபந்தனை, கட்டளைகளை எழுதி வைக்கும் சின்டாக்ஸ் ஃபைலில் வந்து விழும்; அங்கிருந்து ஓட்டிக்கொள்ளலாம்.