ரேடியோ மட்டும் பாடிய ஸ்டீரியோ

காரில் புது ஸ்டீரியோ மாட்டியதும் திரை பளிச்சென்று எரிந்தது, ப்ளூடூத்தும் சேர்ந்தது, ஆனால் சத்தம் துளிகூட இல்லை. ஸ்டீரியோவே பழுதோ என்று ஒரு தனி ஸ்பீக்கரை அதன் பின்பக்க வயர்களில் தொட்டுப் பார்த்தேன், நன்றாகவே பாடியது. அப்போதுதான் உறைத்தது, காரோடு வந்த ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) ஒன்று சீட்டுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருக்கிறது, அதை எழுப்பும் வயரில் 12 வோல்ட் வந்தால்தான் அது விழிக்கும்.

ஸ்டீரியோவின் நீல வயரை அதோடு முறுக்கி டேப் சுற்றினேன். ரேடியோ பாடியது! யுஎஸ்பிக்கு மாற்றினால் மறுபடி மௌனம். அந்த வயரில் மல்டிமீட்டர் வைத்தால் ரேடியோவில் 12 வோல்ட், யுஎஸ்பியில் 0. வெறும் நீலம் ரேடியோவின் ஆன்டெனாவுக்காம், வெள்ளைக் கோடு போட்ட நீலம்தான் ஆம்புக்கு. பெரும்பாலும் இப்படித்தான், ஆனாலும் உங்கள் ஸ்டீரியோவின் வயரிங் படத்தைப் பார்த்துவிடுங்கள்.

சரி, வயரை மாற்றியதும் சத்தம் வந்தது, ஆனால் வால்யூமை லேசாகத் திருப்பினாலே கரகரப்பு. ஸ்பீக்கருக்குப் போகும் பலமான சிக்னலை ஆம்புக்குள் திணித்திருந்தேன், என் ஆம்புக்கோ மெல்லிய சிக்னல்தான் தேவை. ஸ்டீரியோவின் பின்னால் மெல்லிய சிக்னல் தரும் ஆர்சிஏ சாக்கெட் வழியாகக் கொடுத்ததும் தெளிந்தது.

அப்புறம் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கூடவே ஏறும் ஒரு கீச்சொலி. கிரவுண்டை, அதாவது காரின் உடலோடு சேரும் நெகட்டிவ் வயரை, பெயின்ட் அடித்த தகட்டில் முடுக்கியிருந்தேன், சுரண்டி வெறும் இரும்பில் வைத்ததும் அடங்கிவிட்டது.

ஒன்று மட்டும், ஸ்பீக்கரின் நெகட்டிவ் வயரை கிரவுண்டில் சேர்த்துவிடாதீர்கள், ஸ்டீரியோ புகைந்துவிடும்.